மூத்தவள் கேட்டது

என் வீட்டுக்காரர் திருத்தணி உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார். யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என்னை மணவூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். நான் எட்டாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனாலோ என்னவோ, வகுப்பில் நடத்தியதையெல்லாம் சாயங்காலம் வந்து என்னிடமும் சொல்வார். என் சமையலறைக் கடுகைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பையன்கள் முன்னால் குலுக்கிக் காட்டுவார். காற்று என்பது இப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள் ஓயாமல் ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கின்றன என்பார்.

"அந்த உருண்டைய யாராவது பாத்திருக்காங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்ல."

"பாக்காததை எப்படி இருக்குதுன்னு சொல்றீங்க?"

"இருக்குதுன்னு மொதல்ல நெனச்சுக்கறோம். அப்படி இருந்தா வெயில்ல நிறுத்தின சைக்கிளுக்கு டியூப் ஏன் வெடிக்குது, கூடத்துல கற்பூரம் ஏத்தினா கொல்லைக்கு எப்படி வாசனை போவுதுன்னு கணக்குப் போட்டுப் பாக்கறோம். எல்லாத்துக்கும் பதில் சரியா வந்துதுன்னா நெனச்சது வீண் போவல. ஒண்ணுத்துக்கு மட்டும் வந்தா போதாது."

எனக்கு அது வாத்தியார் பேச்சாகத்தான் பட்டது. கடுகு தீர்ந்துபோகிறதே என்பதுதான் என் கவலை. யுத்த காலத்தில் எல்லாம் கிராக்கி.

மூத்தவள் பிறந்தது முதல் வருஷத்திலேயே. கொழுகொழுவென்று, யார் தூக்கினாலும் சிரிக்கிற பெண். என் மாமியார் அவளை இடுப்பை விட்டு இறக்கமாட்டார். அவளும் அவ்வா அவ்வா என்று பாட்டியை விடமாட்டாள். மாமியாருக்குப் பிறந்த பிள்ளைகளில் மிஞ்சியது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் எப்படிப் போனார்கள் என்று மாமியார் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

அடுத்தது ஆண் பிள்ளை. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தான். மறுநாள் காலையில் எண்ணெய் தேய்க்க வந்த மருத்துவச்சி அவனை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் மஞ்சள் முகத்திலிருந்து மார்புக்கு இறங்கிவிட்டது. பிறகு அவன் பால் குடிக்கவில்லை. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

என் சூட்டு உடம்புதான் காரணம் என்றார்கள். அதனால் நான் அடுத்த முறை குளிர்ச்சியாகவே சாப்பிட்டேன், மாமியார் சொன்னபடியெல்லாம் இருந்தேன். மூன்றாவதும் ஆண் பிள்ளைதான். அவன் பிறக்கும்போதே மஞ்சளாக இருந்தான். அன்று பகல்கூட அவனுக்கு முழுசாக இல்லை.

இதற்கு ஊர் டாக்டர் ஒன்று சொன்னார், மருத்துவச்சி ஒன்று சொன்னாள். ஈரல் கோளாறு, பால் தோஷம், எப்போதோ யாரோ அடித்த பாம்பு. துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தூணில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தார்.

"சரி, பால் ஆவலன்னே வச்சுக்குவோம். அதே பாலைத்தானே மூத்தவளும் குடிச்சா. சூடுன்னா அவளும் அதே வயித்துலதானே இருந்தா. அவ மட்டும் எப்படிப் பொழச்சா? அதுக்குப் பதில் சொல்லுங்க."

 அவர் அந்தக் கேள்வியை அறிவோடுதான் கேட்டார். எந்தக் காரணம் சொன்னாலும் அது மூத்தவள் பிழைத்ததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் கிளம்பும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து மாமியார் ஒரு ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். புடவை முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"நீ கேட்டியே நைனா, அதான் பதில். மூத்தவ ஜாதகம். பின்னாடி பொறக்கறது எதையும் தங்கவிடாத ஜாதகமாம். அதனாலதான் அவ நல்லா இருக்கறா, மத்தது போவுது."

 அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. மூத்தவள் ஏன் பிழைத்தாள், பின்னால் வந்தவர்கள் ஏன் போனார்கள், ஒவ்வொரு தடவையும் ஏன் மோசமாகிறது, எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. ஐந்து வயதுப் பெண் பக்கத்திலேயே பாண்டிச் சில்லு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. கையிலிருந்த சில்லை மட்டும் கீழே வைத்துவிட்டாள்.

நான் நான்காம் முறை முழுகாமல் இருந்தபோது, பிரசவம் ஆகும் வரை பெண் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, மணவூரில் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக நின்றார். முடியாது என்றேன். என் வீட்டுக்காரரும் முடியாது என்றார். மாமியார் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வாசலில் படுத்துக்கொண்டு மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடியே கிடந்தார். அது நடிப்பில்லை. பேரப்பிள்ளை ஒன்றாவது தங்கவேண்டும் என்கிற வெறி. அவருக்கு மயக்கம் வந்த அன்று என் வீட்டுக்காரர் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போவட்டும். ஒரு தடவைதானே. பொண்ணு இங்க இல்லாதப்பவும் இதேமாதிரி ஆச்சுன்னா, அது காரணமில்லன்னு தெரிஞ்சுபோவும். அப்புறம் அம்மாவால ஒண்ணும் பேச முடியாது."

சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப நான் மலைக்குப் போய் இன்னா வேண்டிக்கட்டுங்க?" என்று கேட்டேன். "இது பொழச்சா அவ பாவி. இது செத்தா அவ நல்லவ. எதை வேண்டிக்க சொல்றீங்க?"

அவர் எழுந்து போய்விட்டார். நான் அந்தத் தடவை ஒன்றுமே வேண்டிக்கொள்ளவில்லை. விளக்கேற்றினால் ஏற்றுவேன், கும்பிட்டால் கும்பிடுவேன். வாய் திறந்து எதையும் கேட்கவில்லை.

மூத்தவளை என் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனார். ஜட்காவில் ஏறும்போது அவள் அழவில்லை. எப்போதும் புறப்படும்போது என் வயிற்றைக் கட்டிக்கொள்கிறவள், அன்று என் புடவை நுனியை மட்டும் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போன நாளில் வலி வந்தது. காவடிச் சத்தத்தில் மருத்துவச்சி பேசுவது எனக்குக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவள் குழந்தையைத் துணியில் சுற்றினாள். என்னிடம் காட்ட வேண்டாமென்று மாமியாரிடம் தலையசைத்ததைப் பார்த்தேன். காட்டச் சொன்னேன். பெண் குழந்தை. உடம்பு முழுக்க நீர் கோத்து வீங்கியிருந்தது. உயிரோடு வரவேயில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மாமியார் என் கால்மாட்டில் உட்கார்ந்து சொன்னார்: "மணவூர் இன்னா தூரமா? ரயில் ஏறினா வந்துடற ஊரு. அவ நெழல் அங்கருந்தே எட்டுது."

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் வெகுநேரம் கழித்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், ஆனால் மெதுவாகச் சொன்னார். பூமி நடுவில் நிற்கிறது, மற்றதெல்லாம் சுற்றுகிறது என்று வெகுகாலம் நம்பினார்களாம். ஏதாவது ஒரு கிரகம் கணக்குப்படி வராவிட்டால் நம்பிக்கையை விடமாட்டார்கள். கிரகம் சுற்றுகிற சக்கரத்தின் மேல் இன்னொரு சின்னச் சக்கரத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் இன்னொன்று.

"அம்மா இன்னைக்கு ஒரு சக்கரம் சேத்துட்டாங்க. பொழச்சிருந்தா பொண்ணு இல்லாததாலன்னு சொல்லியிருப்பாங்க. செத்ததால நெழல்னு சொல்றாங்க. எது நடந்தாலும் சரியாப் போற பேச்சு எதையும் சொல்றதில்ல. நான்தான் ஒத்துக்கினேன். சோதிச்சுப் பாத்தா முடிஞ்சுடும்னு நெனச்சேன்."

அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த நிலைமையிலும் மூத்தவளைத் திரும்ப அழைத்து வர மாமியார் சம்மதிக்கவில்லை. எனக்கும் எழுந்து நடமாட மாதங்கள் ஆயின. யுத்தம் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரரோடு கல்லூரியில் படித்த ஒருவர் சுவாமி தரிசனத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டில் தங்கினார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, பட்டணத்தில் ஒரு லேடி டாக்டர் இப்படிப்பட்ட தாய்மார்களைத் தேடிக்கொண்டிருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

நாங்கள் இருவரும் போனோம். அந்த டாக்டர் அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். நான்கு பிரசவத்தையும் ஒன்று விடாமல் கேட்டார். மூத்தவளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். பிறகு எங்கள் இருவர் விரலிலும் ஊசியால் குத்தி, இரண்டு கண்ணாடித் தகடுகளில் ரத்தத்தை வைத்து, ஒரு சின்னக் குப்பியிலிருந்து துளித்துளியாக ஏதோ விட்டார். அந்த மருந்து கப்பலில் வருவது, கிடைப்பதே கஷ்டம் என்றார். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரருடைய ரத்தம் திரிந்த பால்போலக் கட்டிகட்டியாக ஒதுங்கியது. என்னுடையது அப்படியே இருந்தது.

"பாருங்கம்மா," என்றார் டாக்டர். "பெரும்பாலானவங்க ரத்தத்துல ஒரு பொருள் இருக்குது. உங்க வீட்டுக்காரருக்கு இருக்குது, உங்களுக்கு இல்ல. அது வியாதி இல்ல, சுருட்டை முடி மாதிரி ஒரு வகை. அப்பாவோட வகை கொழந்தைக்கு வந்தா, பிரசவத்தப்போ அதோட ரத்தம் துளி உங்க உடம்புல கலக்கும். உங்க ரத்தம் இது நம்மது இல்லன்னு கத்துக்கும். கத்துக்கினு அதை அழிக்க ஒண்ணைத் தயார் பண்ணி வச்சுக்கும். அதுக்குள்ள மொதல் கொழந்தை வெளிய வந்துடும், தப்பிச்சுடும். அடுத்ததுக்குத்தான் கஷ்டம். நீங்க தயாரிச்சது வயித்துக்குள்ளயே அதோட ரத்தத்தை ஒடைக்கும். ஒடஞ்ச ரத்தத்தோட நெறம்தான் அந்த மஞ்சள். ஒவ்வொரு தடவைக்கும் வேகம் ஜாஸ்தியாவும்."

நான் தயாரித்தது. அந்த வார்த்தையில் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் விரல் நுனியில் பஞ்சைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். மூத்தவள் ஏன் பிழைத்தாள், இரண்டாவது ஏன் மறுநாள் மஞ்சளானான், மூன்றாவது ஏன் பிறக்கும்போதே, நான்காவது ஏன் வீங்கி. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

"அந்த அழிக்கற பொருளை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?" என்று நான் கேட்டேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "இல்லம்மா. ரத்தம் கட்டிகட்டியா ஒதுங்கறதைத்தான் பாக்கறோம். அப்படி ஒண்ணு இருக்குதுன்னு வச்சுக்கினாத்தான் எல்லாம் புரியுது," என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கடுகுப் புட்டியைக் குலுக்கும்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. எல்லாம் பொருந்திவிட்ட கணக்கின் முன்னால் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வைத்தியம் உண்டா என்று கேட்டார். வெளிநாட்டில் ஏதேதோ செய்து பார்க்கிறார்கள், இங்கே இன்னும் இல்லை என்றார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார். அப்பாவின் உடம்பில் இரண்டு வகையும் கலந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு என் வகை வரக்கூடும், வந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. காசு சுண்டுவது போல. ஆனால் கலந்திருக்கிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது.

ரயில் அரக்கோணம் தாண்டியது. அவரே கேட்டார்: "காசு சுண்டிப் பாக்கலாம்னு உனக்குத் தோணுதா?"

"உங்களுக்கு?"

"எனக்கு வேணாம். எதையும் சோதிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்னு பசங்களுக்குச் சொல்லிகினு இருக்கறேன். இதை நான் சோதிக்க மாட்டேன்."

அவருக்குப் பிள்ளை ஆசை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இனித் தொட்டில் கட்டப்போவதில்லை என்பது அந்த ரயிலில் முடிவாயிற்று.

அந்த வாரமே மாமியாரிடம் கேட்காமல் மணவூருக்குப் போனோம். அண்ணிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே நுழைந்ததும் மகளைத் தேடினேன். மாட்டுக் கொட்டகையில் இருக்கிறாள் என்றார் அண்ணி.

"எப்பவும் அங்கதான். கொழந்தையை எடுத்துகினு கூடத்துக்கு வந்தா இவ எழுந்து கொட்டகைக்குப் போயிடறா. தொட்டுப் பாருடின்னா கையைப் பின்னாடி கட்டிக்கறா. நான் தொட்டா செத்துடும் அத்தைன்னு சொல்றா. நாங்க இன்னா பண்றதுன்னு தெரியல."

அவள் வளர்ந்திருந்தாள். பாவாடை முழங்காலுக்கு ஏறியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆனால் அவள் பார்வை முதலில் போனது என் வயிற்றுக்குத்தான். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் கிட்ட வந்தாள்.

அவளுடைய அப்பா அவளை வைக்கோல் போரடியில் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னார். அவளுக்குப் புரியும்படி, நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல். ஜாதகம் இல்லை, நிழல் இல்லை, அம்மா ரத்தம் ஒரு வகை, நைனா ரத்தம் ஒரு வகை. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மகளின் தலையிலிருந்து ஒரு பெரிய பாரத்தை இறக்கிவிட்டோம் என்று நானும் நினைத்தேன்.

"நைனா," என்றாள். "அம்மா ரத்தம் கத்துக்கிச்சுன்னு சொன்னியே. யாருகிட்ட கத்துக்கிச்சு?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மொதல் கொழந்தை நான்தானே. அப்ப என் ரத்தம் போயித்தானே கத்துக்கிச்சு."

"உன்மேல தப்பு இல்லம்மா."

"தப்புன்னு கேக்கல நைனா. நான் வந்ததாலதானான்னு கேக்கறேன்."

வருஷக்கணக்கில் பையன்களின் கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன மனுஷர் வைக்கோலைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எல்லாம் பொருந்திய அந்த விளக்கத்திலேயே அந்தப் பதிலும் இருந்தது. இல்லை என்று அவளிடம் சொன்னால் அவ்வளவும் பொய்யாகிவிடும். அந்தக் குழந்தையிடம் ஏற்கனவே ஒரு பொய் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் கொட்டகையில் உட்காரவைத்தாகிவிட்டது. இன்னொன்று வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

நான் அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டேன்.

"ஆங். நீ வந்ததாலதான்," என்றேன். "ஆனா உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியாது. என் ரத்தத்துக்கே தெரியாது, அது உன் தம்பிங்கன்னு. தெரிஞ்சிருந்தா யாரும் பண்ணியிருக்க மாட்டோம். அவ்வா சொன்னது, நீ வேணும்னே அவங்கள முழுங்கினன்ற மாதிரி. அது பொய். நீ பொறந்த, அவ்வளவுதான். பொறக்கறது யாருக்கும் கெடுதல் பண்றது இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். வாய் கோணிற்று. ஊரை விட்டுப் போன அன்று அழாதவள், தங்கை போன செய்தி கேட்டபோது அழாதவள் என்று அண்ணி சொன்னாரே, அவள் என் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மாடுகள் திரும்பிப் பார்த்தன. நான் அவளை ஆற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் அழுதேன்.

அன்று சாயங்காலம் அண்ணி குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். அவள் கையைப் பின்னால் கட்டவில்லை. தொடவுமில்லை. கைகளைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தை மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருத்தணிக்கு அழைத்து வந்தபோது மாமியார் தடுக்கவில்லை. மகன் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். அவருக்கு அதில் எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. "அப்ப என் பிள்ளைங்களும் இப்படித்தான் போச்சுங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார். அது தெரியாது, எல்லாம் இதனால் என்று சொல்ல முடியாது என்றார் மகன். மாமியார் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அன்று ராத்திரி பேத்தியின் தட்டில் அவரே சோறு போட்டார். அவள் சாப்பிட்டாள், ஆனால் அவ்வா என்று கூப்பிடவில்லை. அதன் பிறகு வெகுகாலம் கூப்பிடவேயில்லை.

வந்து சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வேப்பெண்ணெய் வாசனைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அவங்களுக்குப் பேர் வச்சீங்களா?"

"யாருக்கு?"

"தம்பிங்களுக்கு. பாப்பாவுக்கு."

இல்லை என்றேன். பேர் வைக்கும் நாள் வரைக்கும் யாரும் இருக்கவில்லை. வீட்டில் அவர்களைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் ரெண்டாவது, மூணாவது, கடைசி என்றுதான் சொல்வோம். டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னோம். டாக்டரின் விளக்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

 அவள் மூன்று பேர்களைச் சொன்னாள், ஒன்றன்பின் ஒன்றாக. கொட்டகையில் இருந்தபோதே யோசித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவு சரளமாக வந்தன. பின்னலை அப்படியே பிடித்துக்கொண்டு நான் அந்தப் பேர்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அவளுடைய அப்பாவிடமும் அன்றே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பேர்கள் தெரியாது. இங்கேயும் எழுதப்போவதில்லை.